யார் கேட்லின்?

2009 மே மாதத்தில் ஒரு செய்தி வந்தது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் மிகைபுனைவு நாவல் வரிசையை எச்பிஓ நிறுவனம் தொலைக்காட்சிக்காக எடுத்துப் பார்க்கப் போகிறது, அதில் டிரியன் லானிஸ்டராகப் பீட்டர் டிங்க்லேஜ் நடிக்கிறார் என்றது அந்தச் செய்தி. அப்போது ஒரு காட்சிகூடப் படமாகியிருக்கவில்லை. பைலட் எனப்படும் வெள்ளோட்ட எபிசோடின் படப்பிடிப்பே அந்த வருடக் கடைசியில்தான். அதைப் போட்டுப் பார்த்த பிறகே தொடரை எடுப்பதா கைகழுவுவதா என்று நிறுவனம் தீர்மானிக்கும். அந்தத் தீர்மானம் 2010 மார்ச்சில் வந்தது. முதல் ஒளிபரப்பு 2011 ஏப்ரல் 17இல். நடக்குமா என்றே தெரியாத ஒரு தொடரில் யார் யாராக வருவார்கள் என்று பல நாட்டு வாசகர்கள் மாதக்கணக்கில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தச் செய்திகளைச் சேகரிப்பதற்கென்றே 2008இல் இணையதளம் தொடங்கிய ரசிகரும் உண்டு. மார்ட்டினும் இந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டார். தேர்வானவர்களின் பெயர் வெளியாவதற்கு முன் விடுகதைபோலத் துப்புகள் கொடுப்பார், வாசகர்கள் அவிழ்ப்பார்கள். இதை நட்சத்திர மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. தேர்வானவர்களில் பலரை அன்று அதிகம் பேர் அறிந்திருக்கவில்லை. கதையின் மையக் குடும்பமான ஸ்டார்க் வீட்டின் மகள்களாக நடித்த இருவருமே கேமராவுக்குப் புதியவர்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத காலத்தில் இவ்வளவு ஆரவாரம் எதைப் பற்றியது?

இதற்கு ஒரு வழக்கமான பதில் இருக்கிறது. வாசகர் தன் மனத்தில் பாத்திரத்துக்கு ஒரு முகம் வரைந்து வைத்திருக்கிறார். நடிகரின் முகம் அதோடு ஒத்துப்போனால் குதூகலம், போகாவிட்டால் கோபம். கேட்க நன்றாக இருந்தாலும் சோதித்தால் நிற்காத பதில் இது. மார்ட்டினின் நாவலில் வரும் கேட்லின் ஸ்டார்க்கின் மூக்கு எப்படி இருக்கும், காது மடல் எப்படி இருக்கும் என்று தீவிர வாசகர் ஒருவரிடம் கேட்டால் திணறிப்போவார். ஜெர்மன் விமர்சகர் வோல்ஃப்காங் ஈசர் 1970களில் இந்தச் சிக்கலை ஃபீல்டிங்கின் 'டாம் ஜோன்ஸ்' நாவலையும் அதன் திரைப்படத்தையும் வைத்து ஆராய்ந்தார். நாவலைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போகிறவர் நான் நினைத்தது இவனை இல்லை என்று சொல்லக்கூடும். அப்படியானால் யாரை நினைத்திருந்தார்? கண்ணால் கண்டதுபோல விவரிக்க அவரால் முடியாது. மனத்தில் எழும் உருவம் காட்சி என்ற அளவில் வறியது, அந்த வறுமைதான் அதன் செல்வம் என்கிற பொருளில் ஈசர் எழுதினார். திரை எல்லாவற்றையும் நிரப்பித் தருகிறது, வாசகருக்குச் செய்ய வேலை இல்லாமல் போகிறது. இதே காரணத்துக்காகத்தான் ஃப்ளோபேர் தான் உயிரோடு இருக்கும்வரை தன் நாவலுக்கு ஓவியம் வரைய விடமாட்டேன் என்று 1862இல் பிடிவாதம் பிடித்தார். வரைந்துவிட்டால் நாயகி ஒரே ஒரு பெண்ணாகிவிடுவாள், எழுத்தில் இருக்கும்வரை ஆயிரம் பெண்களை நினைவூட்டுவாள் என்பது அவர் கட்சி.

மார்ட்டினின் நாவல் கட்டப்பட்ட விதம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 1996இல் வந்த முதல் நூலில் முகப்பு அத்தியாயம் நீங்கலாக 72 அத்தியாயங்கள். ஒவ்வொன்றின் தலைப்பும் எட்டுப் பேரில் ஒருவருடைய பெயர், ஒவ்வொன்றும் அவருடைய பார்வைக்குள்ளிருந்து மட்டுமே சொல்லப்படுகிறது. நெட், கேட்லின், டிரியன், டெனேரிஸ் ஆகியோரை வாசகர் எதிரே நிறுத்திப் பார்ப்பதைவிட அவர்களுக்குள்ளிருந்து உலகத்தைப் பார்ப்பதே அதிகம். இப்படி நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஒருவருக்குள் குடியிருந்தவரிடம் இதுதான் அவருடைய முகம் என்று ஒரு புகைப்படம் நீட்டப்படும்போது, தன் குரலை ஒலிப்பதிவில் முதன்முறை கேட்பவரின் கூச்சம்தான் வருகிறது. பொருத்தம், பொருத்தமின்மை என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான். எதிர்ப்பக்கத்தில், ஜேமி லானிஸ்டருக்கு முதல் நூலில் ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது. அவனை மற்றவர்களின் கண் வழியாகவே பார்க்கிறோம், வெறுக்கிறோம். 2000இல் வந்த மூன்றாம் நூலில் மார்ட்டின் நம்மை அவனுக்குள் கொண்டுபோய் விடுகிறார். அரசனைக் கொன்றவன் என்ற வசைக்குப் பின்னால் இருந்தது என்ன என்று அவன் வாயாலேயே கேட்கிறோம். 2009இல் ஜேமியாக நிக்கோலாய் காஸ்டர்-வால்டௌ தேர்வானபோது வாசகர்கள் எடைபோட்டது பொன்னிற முடியை மட்டுமல்ல. முதல் எபிசோடில் ஒரு சிறுவனைச் சன்னலிலிருந்து தள்ளிவிடும் அதே முகம் பின்னாளில் நம் இரக்கத்தையும் கேட்கத் தாங்குமா என்பது அவர்களுடைய கேள்வி. கதையின் பின்பகுதி தெரிந்தவர்கள் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது.

நான் சொல்ல வருவது இதுதான்: நடிகர் தேர்வைப் பற்றிய ஆரவாரம் பெரும்பாலும் மாறுவேடத்தில் வரும் இலக்கிய விமர்சனம். இந்த நடிகர் டிரியனாக முடியாது என்று ஒருவர் சொல்ல வேண்டுமென்றால் டிரியன் யார் என்று அவர் முதலில் சொல்லியாக வேண்டும். சொன்னதற்குப் பிரதியிலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும். எதிராளி வேறு அத்தியாயத்தைக் காட்டுவார். விமர்சனக் கூட்டங்களில் பாத்திரப் படைப்பைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்கத் தயங்குகிற சாதாரண வாசகர், ஒரு நடிகரின் பெயரைச் சொன்னதும் மடைதிறந்ததுபோலப் பேசுகிறார். கோட்பாட்டு மொழி தேவைப்படாத ஒரு வாசல் அங்கே திறந்திருக்கிறது. டிங்க்லேஜ் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நாவலின் டிரியன் அவலட்சணமானவன், ஒரு கண் பச்சை, ஒரு கண் கறுப்பு. இரண்டாம் நூலின் போரில் மூக்கின் பெரும்பகுதியை இழக்கிறான். நடிகரோ வசீகரமானவர், திரையில் அவருக்குக் கிடைத்தது ஒரு தழும்பு. எழுத்தை எழுத்தாக எடுத்துக்கொண்டால் இது தவறான தேர்வு. ஆனாலும் மிகக் குறைவான எதிர்ப்பையே சந்தித்த தேர்வு இதுதான், பின்னால் நான்கு எம்மி விருதுகள் அதை உறுதிப்படுத்தின. டிரியனின் மையம் அவனுடைய அறிவும், அந்த அறிவு எந்த அவமானத்தில் தீட்டப்பட்டது என்பதும்தான் என்று வாசகர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் தீர்ப்பளித்திருந்தார்கள். அந்தத் தீர்ப்புக்கு முன்னால் மூக்கு தோற்றது.

வயதைப் பற்றிய விவாதம் இதைவிடச் சுவையானது. நாவலில் நெட் ஸ்டார்க்குக்கு முப்பத்தைந்து வயது. ராப், ஜான் இருவருக்கும் 14 முடிந்துவிட்டது, டெனேரிஸுக்கு 13. நெட்டாக வந்த ஷான் பீனுக்கு அப்போது ஐம்பது வயது ஆகிவிட்டிருந்தது. பிள்ளைகளுக்கும் சில வயதுகள் கூட்டப்பட்டன. இந்தக் கணக்கு உதைக்காமல் இருக்க, கதைக்கு முன் நடந்த ராபர்ட்டின் கிளர்ச்சியையே திரைக்கதை இரண்டு வருடம் பின்னுக்குத் தள்ளி வைத்தது. வெறும் எண் விளையாட்டாகத் தோன்றும் இதற்குள் நாவலின் குரூரமான செய்தி ஒன்று இருக்கிறது: அந்த உலகத்தில் போரைத் தொடங்குபவர்கள் மீசை முளைக்காத பிள்ளைகள், அவர்களை அனுப்பிவைக்கும் தகப்பன்மாரும் இளைஞர்களே. முன்னொரு காலத்தில் சிம்மாசனத்தைக் கவிழ்த்தவர்களும் இருபதைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். பீனின் களைத்த முகம் நெட்டுக்கு ஒரு முதிர்ந்த கண்ணியத்தைத் தந்தது, அதற்கு ஈடாக அந்தப் பதைப்பை எடுத்துக்கொண்டது. லாபமா நஷ்டமா? என் கணக்கில் நஷ்டம்தான் அதிகம், ஆனால் தவிர்த்திருக்க முடியாத நஷ்டம்.

டெனேரிஸின் வயது வேறு ஒன்றையும் காட்டிக்கொடுக்கிறது. பதின்மூன்று வயதுச் சிறுமியை ஒரு போர்த்தலைவனுக்கு விற்பது நாவலில் தற்செயலான விவரம் அல்ல. அவளுடைய கதையே அந்த விற்பனையிலிருந்துதான் புறப்படுகிறது. அப்படியிருந்தும் புத்தகத்தில் உள்ளபடியே ஒரு சிறுமியை நடிக்க வையுங்கள் என்று யாரும் கொடிபிடிக்கவில்லை. பிடித்திருக்கவும் கூடாது. இருபதுகளில் இருந்த எமிலியா கிளார்க்கை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். நாவல் அவளுக்குத் தந்த ஊதா நிறக் கண்களுக்காக லென்ஸ் போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டபோதும் முணுமுணுப்போடு நின்றது. புத்தகத்துக்கு விசுவாசம் என்ற கோரிக்கை எப்போதுமே பொறுக்கி எடுத்த விசுவாசம்தான். எதைப் பொறுக்குகிறோம் என்பதில்தான் வாசகரின் தரம் தெரியும். கண்ணின் நிறத்தை விட்டுக்கொடுக்கலாம். முடியின் நிறத்தை அவ்வளவு எளிதாக விட முடியாது: அரசன் ராபர்ட்டின் ரத்தத்தில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் கறுப்பு முடி, அரசியின் பிள்ளைகளுக்கு மட்டும் பொன்முடி என்பதை வைத்துத்தான் நெட் அரண்மனையின் ரகசியத்தைக் கண்டுபிடிக்கிறான். ஒரு விவரம் கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்பதைத் தவிர நம்பகமான அளவுகோல் வேறு இல்லை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் மிகக் கடுமையான ஆட்சேபத்தைச் சந்திக்க வேண்டும். விமர்சனமாவது ஒன்றாவது, இந்த ஆரவாரத்தின் அடியில் கிடப்பது நிறவெறி என்கிறார்கள். பெர்சி ஜாக்சன் தொடரில் அனபெத்தாக ஒரு கறுப்பினச் சிறுமி தேர்வானார் என்று 2022 மே மாதம் அறிவிப்பு வந்ததும் அந்தக் குழந்தைமீது பொழிந்த வசைகளைப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. நாவலாசிரியர் ரிக் ரியோர்டன் வெளிப்படையாக எழுதினார்: தோற்றத்தை மட்டும் வைத்து எதிர்ப்பவர்கள் தன் நூல்கள் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை, இதற்குப் பெயர் இனவெறி என்று. அவர் சொன்னது சரி. பொன்முடிக்காரி என்றால் மந்தபுத்தி என்ற ஏளனத்தை எதிர்த்து நிற்பவள் அனபெத், அதனால் முடி முக்கியம் என்று சிலர் பிரதியிலிருந்தே வாதம் எடுத்து வந்தார்கள். வாதம் என்ற அளவில் இது பதில் சொல்லத் தகுந்தது, பதிலும் எளிது. புத்திசாலிப் பெண்ணொருத்தியைப் பார்த்த மாத்திரத்தில் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதுதான் அங்கே நடக்கும் வேலை. கறுப்பினச் சிறுமி ஒருத்தியிடம் அந்த வேலை குறையப்போவதில்லை, கூடத்தான் செய்யும்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு நிறத்தைப் பற்றிப் பேசும் வாசகர் எல்லோரையும் ஒரே பக்கத்தில் தள்ளிவிடக் கூடாது. உர்சுலா லெ குவினின் எர்த்சீ நாவல்களை 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சி குறுந்தொடராக எடுத்தபோது நடந்தது நேர் எதிரானது. 1968இல் வந்த முதல் நூலிலேயே அவர் நாயகன் கெட்டைச் செம்பழுப்பு நிறத்தவனாகவும் அவனுடைய நண்பனைக் கறுப்பனாகவும் படைத்திருந்தார். தீவுகளைச் சூறையாட வரும் கார்க் இனத்தாருக்குத்தான் வெள்ளைத் தோல். தொடரோ கெட்டை வெள்ளை நடிகரிடம் கொடுத்தது. ஆசான் ஓஜியனாக டேனி குளோவர் வந்தாலும் தீவுக்கூட்டம் மொத்தத்தில் வெளுத்துப்போனது. லெ குவின் அந்த டிசம்பரில் கட்டுரை எழுதிக் கண்டித்தார். அந்த நிறங்கள் தற்செயலானவை அல்ல, மிகைபுனைவின் வீரர்கள் எல்லோரும் ஏன் வெள்ளையராகவே இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த தேர்வு என்றார். வாசகர் கெட்டோடு ஒன்றிப்போன பிறகே அவனுடைய நிறத்தைக் கவனிக்கும்படி தான் அதை உரக்கச் சொல்லாமல் விட்டதையும் விளக்கினார். இங்கே நிறம் செய்யும் வேலை மிகப் பெரியது. அதை அழித்தது நாவலின் முதுகெலும்பைத் தொட்டது. எர்த்சீயில் நிறத்தை மாற்றாதே என்பதும் அனபெத்தின் நிறம் மாறினால் என்ன என்பதும் முரண்பட்ட நிலைப்பாடுகள் என்று சிலர் மடக்கப் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே அளவுகோலில் அளந்து வந்த விடைகள். இடைப்பட்ட வழக்குகளும் உண்டு. ராபர்ட் ஜோர்டானின் 'வீல் ஆஃப் டைம்' நாவலில் நாயகன் ராண்ட், வெளியார் வாடையே படாத கிராமத்தில் நெட்டையனாக, செம்முடியோடும் சாம்பல் நிறக் கண்களோடும் தனித்துத் தெரிபவன். அவன் பிறப்பின் மர்மமே அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. 2019இல் அமேசான் தொடருக்குப் பல இன நடிகர்கள் தேர்வானபோது, ஊரே பல நிறமாக இருந்தால் ராண்ட் எப்படித் தனித்துத் தெரிவான் என்று கேட்டவர்கள் நாவலை ஒழுங்காகப் படித்தவர்கள். அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்த கூட்டம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சிரமம்தான். சிரமம் என்பதால் அதைச் செய்யாமல் விடுவது சோம்பல்.

இது முழுக்க வியாபாரம், நிறுவனங்களுக்குக் கிடைக்கும் இலவச விளம்பரம் என்பது அடுத்த ஆட்சேபம். உண்மை. 2009இல் தானாகக் கொப்பளித்ததை இன்று நிறுவனங்கள் தேதி போட்டுத் தவணை முறையில் அவிழ்க்கின்றன. ஆனாலும் 2009இன் சூட்டுக்கு வியாபாரம் மட்டும் காரணமில்லை. மார்ட்டினின் நான்காம் நூல் 2005இல் வந்தது, அடுத்த வருடம் ஐந்தாவது வந்துவிடும் என்ற நம்பிக்கைக் குறிப்போடு. அது வந்தது 2011 ஜூலையில். அந்த இடைவெளியில் பாதிக் கதையோடு நடுத்தெருவில் நின்ற வாசகர்களுக்கு, நாவலை மறுபடி எடுத்துப் பிரிக்க நடிகர் தேர்வு ஒரு சாக்கு கொடுத்தது. 'வீல் ஆஃப் டைம்' வாசகர்களின் மனநிலை வேறு. ஜோர்டான் 2007இல் இறந்து, பிராண்டன் சாண்டர்சன் 2013இல் முடித்துவைத்த கதை அது. முடிந்த கதையின் வாசகர்கள் காவல்காரர்களாகிறார்கள், முடியாத கதையின் வாசகர்கள் குறிசொல்பவர்களாகிறார்கள். பின்னவர்களின் பேச்சு எப்போதுமே கேட்கச் சுவாரசியமானது.

கடைசியாக ஓர் ஆட்சேபம், எனக்கு மிகவும் பிடித்தது: வாசகர் மனத்தில் முகம் இல்லை என்கிறீர்களே, ஹாரி பாட்டர் கதையின் ஸ்னேப்புக்கு இருக்கிறதே! ஆம், இருக்கிறது, அது ஆலன் ரிக்மனின் முகம். ஹாரி பாட்டரை மறுபடி தொடராக எடுக்கும் எச்பிஓ, 2025 ஏப்ரலில் பாப்பா எஸ்ஸியேடுவை ஸ்னேப்பாக அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பில் வழக்கமான நிறவெறியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது: இவர் ரிக்மன் இல்லை என்ற ஏக்கம். முதல் நூலில் ஸ்னேப்புக்கு முப்பத்தொன்றுதான் வயது. ரிக்மன் அந்தப் பாத்திரத்தை ஏற்றபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். வயதளவில் எஸ்ஸியேடுதான் புத்தகத்துக்கு நெருக்கம். ஆக, இங்கே காக்கப்படுவது நாவல் இல்லை, இன்னொரு வாசிப்பு. நாவல் வரிசை முடிவதற்கு முன்பே அதன் ஆசிரியர் ரௌலிங் காதில் போட்டுவைத்த ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு ரிக்மன் என்ற கூர்மையான வாசகர் பத்து வருடம் திரையில் எழுதிய வாசிப்பு. வெற்று இடத்தில் குடியேறிய முதல் முகம் தன்னையே மூலம் என்று நம்பவைத்துவிடும். இது என் வாதத்தை உடைப்பதாக நான் நினைக்கவில்லை. திரை வந்த பிறகு நடக்கும் சண்டை இது. திரை வருவதற்கு முந்தைய சண்டையின் தரம் இதற்கு வருவது அரிது.

அந்த முந்தைய காலத்துக்கு நல்ல சாட்சி கேட்லின் ஸ்டார்க்தான். 2009இல் அந்தப் பாத்திரத்துக்கு முதலில் அறிவிக்கப்பட்டவர் ஜெனிஃபர் ஈலி. 1995ஆம் வருட பிபிசி தொடரில் ஜேன் ஆஸ்டினின் எலிசபெத் பென்னட்டாக வந்து பலரைக் கவர்ந்தவர். அவர் நடித்த பைலட் படமானது, ஆனால் இன்றுவரை ஒளிபரப்பாகவில்லை. 2010இல் அவருக்குப் பதிலாக மிஷெல் ஃபேர்லி வந்தார். டெனேரிஸாக நடித்திருந்த டாம்சின் மெர்ச்சன்ட்டின் இடத்துக்கு எமிலியா கிளார்க். பைலட்டின் பெரும்பகுதி மறுபடி எடுக்கப்பட்டது. ஈலியை வரவேற்றவர்கள் கேட்லினிடம் எதைக் கண்டிருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம்: சொல்லில் கூர்மை, அரசியல் சூட்சுமம், தான் யார் வீட்டுப் பெண் என்ற நிமிர்வு. ஃபேர்லியின் முகம் முன்வைத்தது துயரம் சுமக்கும் தாயை. இரண்டுக்கும் நாவலில் இடம் இருக்கிறது. ஆனால் தொடர் வந்தபோது தெரிந்தது, வழக்கைத் தீர்த்துவைத்தது எந்த நடிகையும் அல்ல, திரைக்கதை என்று. நாவலில், அரசனின் அழைப்பை ஏற்றுத் தலைநகருக்குப் போகத்தான் வேண்டும் என்று நெட்டை வற்புறுத்துபவள் கேட்லின். மறுத்தால் வரும் ஆபத்தையும் போனால் மகளுக்குக் கிடைக்கும் ராணிப் பட்டத்தையும் கணக்குப்போட்டுப் பேசுபவள் அவள்தான். முதல் எபிசோடில் அந்த வாதம் அந்த வீட்டின் அறிஞரான மேஸ்டர் லூவினின் வாய்க்கு மாறிவிட்டது, கேட்லின் கணவனைப் போகாதே என்று தடுக்கிறாள். புதிதாகப் பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு இது உறுத்த வழியில்லை. யார் கேட்லின் என்று முந்தைய இரண்டு வருடங்களும் அத்தியாயம் அத்தியாயமாக வாதாடியிருந்தவர்கள், ஃபேர்லி நன்றாகவே நடித்த அந்தக் காட்சியில் எதை எடுத்துவிட்டார்கள் என்பதை அன்றிரவே சொல்லக்கூடிய நிலையில் இருந்தார்கள்.